வரிசையில் வைத்த மூட்டை

அந்த ஸ்டேஷன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர் யாராவது சண்டைக்கு வருவார். சண்டைக்கு எனக்குப் பயமில்லை. ஒவ்வொருத்தரிடமும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கத்தான் பொறுமை இல்லை. மலையிலிருந்து இறங்கி, காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, பஸ் மாறி, பாசஞ்சர் ஏறினால் கடைசியில் அது வரும். எங்கள் பாசஞ்சருக்கு அதோடு பாதை முடிந்துவிடும். நாட்டின் அந்தக் கோடி வரைக்கும் போகிற பெரிய ரயில்களும் அங்கேதான் வந்து நிற்கும். சில அங்கிருந்தே புறப்படும். வாசலில் ஒரே பெயர்ப்பலகைதான். உள்ளே போனால் இரண்டு ஸ்டேஷன் இருக்கும்.

பெரிய ரயில் நிற்கிற பக்கம் வழவழவென்று கல் தரை, நகரும் படிக்கட்டு, குடிக்கக் குளிர்ந்த தண்ணீர். எங்கள் பாசஞ்சர் நிற்கிற பிளாட்பாரம் கோடியில் கிடக்கும். அதன் கூரை பாதியோடு நின்றுவிடும், மீதிப் பாதிக்கு வானம்தான். சரி, அதுகூடப் போகட்டும். பாசஞ்சரை ஸ்டேஷனுக்குள் விட்டால்தானே கூரையைப் பற்றிப் பேச! ஊருக்கு வெளியே அவுட்டரில், கருவேலங்காட்டுக்கு நடுவில் நிறுத்திப்போடுவார்கள். ஒரு எக்ஸ்பிரஸ் போகும். இன்னொன்று போகும். "பெரிய வண்டி போவட்டும்" என்று நம் ஜனங்களே சொல்வார்கள், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒதுங்கி நிற்கிற மாதிரி. அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வண்டியில் இருக்கிறவனுக்கு மட்டும்தான் அவசரமா? பாசஞ்சரில் வருகிறவர்கள் எல்லாம் காற்று வாங்கவா வருகிறார்கள்?

எங்களுக்கு அவசரம் இருந்தது. என் மகளுக்குச் சென்னையில் நர்சிங் படிக்க சீட் கிடைத்திருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குள் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளோடு நேரில் வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் சீட் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று போனில் சொல்லிவிட்டார்கள். அப்போது மலையில் விடாத மழை. கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து இரண்டு நாளாக பஸ் இல்லை. மூன்றாம் நாள் பஸ் விட்டதும் முதல் பஸ்ஸிலேயே இறங்கினோம். நானும், என் வீட்டுக்காரரும், மகளும். இருட்டுகிற நேரத்தில் புறப்படுகிற எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடிவதற்குள் சென்னை. அதற்குள் அந்த ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்துவிடலாம் என்றுதான் கணக்கு. அவுட்டரில் கிடந்தது போக இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது.

இங்கே எங்கள் மலை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் திண்ணனூர் நாட்டில், அதாவது மலையில் எங்கள் பக்கத்து ஊர்களில், பஸ்ஸுக்கு யாரும் நின்று காத்திருப்பதில்லை. வந்ததும் அவரவர் மூட்டையை ரோட்டோரம் வரிசையில் வைத்துவிட்டு மர நிழலுக்குப் போய்விடுவோம். மிளகு மூட்டையோ, மரவள்ளிக் கிழங்கோ, வெறும் மஞ்சள் பையோ, எது வைத்தாலும் அதுதான் உங்கள் இடம். பஸ் வந்தால் மூட்டை வரிசைப்படி ஏறுவோம். முந்துகிற பேச்சே கிடையாது. ஒரு மூட்டைக்கு ஆள் வரவில்லை என்றால் கண்டக்டர், "இது யார் ஊட்டு மூட்டைங்க?" என்று சத்தம் போடுவார். காட்டுக்குள்ளிருந்து, "வாரேன், வாரேன்" என்று குரல் வரும். அதுவரை பஸ் நிற்கும். அடுத்தவர் மூட்டையைத் தொட்டவர் என்று என் காலத்தில் ஒருத்தரை நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் அதுவரை பெரிய ரயிலில் ஏறியதில்லை. டீ விற்கிறவரிடம், "ஏனுங்க, டிக்கெட் பதியாதவங்க ஏறுற பெட்டி எங்கீங்க நிக்கும்?" என்று கேட்டார். டீக்காரர் கையைக் காட்டினார். இவர் நேராகப் போய், பிளாட்பார விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, எங்கள் மூட்டை மூன்றையும் வரிசையாக வைத்தார். முதலில் மகளின் பை. அதில்தான் துணியும் சர்ட்டிபிகேட்டுகளும். அடுத்து சாமை அரிசிப் பை. கடைசியில் பலாப்பழச் சாக்கு. பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிற இடத்துக்குக் கையை வீசிக்கொண்டு போவது எங்களுக்கு வழக்கமில்லை. ஹாஸ்டல் அம்மாவுக்கு என்று அவரே மரமேறிப் பார்த்துப் பார்த்து அறுத்த பழம் அது.

வைத்தவர் சும்மா வந்தாரா? பக்கத்தில் நின்ற ஒரு பேண்ட்டுக்காரரிடம், "உங்க பைய எங்களுதுக்குப் பின்னால வெச்சுருங்க, நீங்க நாலாவது" என்று வேறு சொன்னார். அந்த ஆள் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். மகளுக்குச் சிரிப்பு. "அப்பா, இங்க அப்படி இல்லீங்கப்பா" என்றாள். "எங்க போனாலும் மனுசன் மனுசந்தான் சாமி" என்றார். தூரத்தில் தூண் ஓரம் இருந்த பெஞ்சில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தார். மூட்டைக்குப் பக்கத்திலேயே நிற்பது எங்களூரில் மரியாதை இல்லை. மற்றவர்களை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

நானும் மகளும் கக்கூஸ் தேடிப் போனோம். அதற்குள் மைக்கில் என்னவோ சொன்னார்கள். தமிழில் சொன்ன நேரம் பார்த்து எதிர்ப் பக்கம் ஒரு ரயில் இரைந்துகொண்டு வந்தது, ஒரு சொல் காதில் விழவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது பிளாட்பாரமே காலி. என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா புள்ள, எல்லாரும் போயிட்டாங்க. நாமதான் மொதல்ல" என்றார்.

அட கொடுமையே! வேறு எங்கிருந்தோ வரப்போகிற ரயிலுக்கு இடம் வேண்டும் என்று எங்கள் எக்ஸ்பிரஸைக் கடைசி நேரத்தில் கோடிப் பிளாட்பாரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். கூட்டம் முழுவதும் மேம்பாலம் ஏறி ஓடியிருக்கிறது. போகிற போக்கில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்களூரில் மூட்டையைப் பார்த்தே ஆளைத் தேடுவார்கள். இங்கே ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

"ஓடுங்க, அந்தப் பக்கமாம்" என்று மகள் கத்தினாள். மூட்டைகளை நோக்கி ஓடினால், அங்கே இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு நாயும். காலிப் பிளாட்பாரத்தில் ஆளில்லாமல் மூன்று மூட்டை. எவனோ பார்த்துச் சொல்லியிருக்கிறான். விசில் ஊதி எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

"என்னுதுங்க, என்னுதுதானுங்க" என்று இவர் கையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"உன்னுதுன்னா ஏன்யா விட்டுட்டுப் போனே?"

"விட்டுட்டுப் போவலீங்க. வரிசைக்கு வெச்சேனுங்க."

"என்ன வரிசை? இங்க ஒருத்தனையும் காணோம், வரிசையாம்!"

அவர் விளக்க ஆரம்பித்தார். எங்களூர் பஸ், மர நிழல், கண்டக்டர் என்று பொறுமையாக. எனக்கா பொறுமை! "ரயில் கிளம்பப் போவுதுங்க, புள்ள காலேஜுக்குப் போவணும்" என்று நடுவில் புகுந்து கத்தினேன். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். என் சொல் பிளாட்பாரமே ஏறவில்லை. நாய் பலாப்பழச் சாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது. சாக்கை அவிழ்த்துக் கவிழ்த்தார்கள். பழம் உருண்டது. அதோடு, பழம் வெட்டுவதற்கு என்று இவர் துணி சுற்றி வைத்திருந்த கொடுவாளும் கலகலவென்று விழுந்தது.

மலையில் கொடுவாள் இல்லாமல் யார் வெளியே போகிறார்கள்? பலாப்பழம் கொண்டுபோகிறவன் அதை வெட்ட ஒன்றையும் பால் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் எண்ணெயையும் சேர்த்தே கட்டுவான். கொடுக்கிற இடத்தில் ஆயுதம் தேட வைக்கக் கூடாது என்பது எங்கள் நாகரிகம். அந்தப் போலீஸ்காரர் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது. "சரி, மூணையும் எடுத்து உள்ள வை. பெரியவர் வந்து பாத்து விடச் சொன்னாத்தான் விடுவோம்" என்றார்.

"அந்தப் பைய மட்டும் குடுங்க சார், அதுல என் சர்ட்டிபிகேட்" என்று மகள் கும்பிட்டாள். என் மகள் அதுவரை யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

"அடுத்த வண்டில போம்மா. எத்தனை வண்டி இருக்கு!"

கோடிப் பிளாட்பாரத்தில் எக்ஸ்பிரஸ் ஊதியது. மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு முன்னால், மெதுவாக நகர்ந்தது. எங்களைக் காட்டில் காக்க வைத்துவிட்டுப் போகிற பெரிய வண்டி, எங்களுக்காக ஒரு நிமிஷம் நிற்கவில்லை. மகள் அழவில்லை. பையைப் பிடித்திருந்த போலீஸ்காரரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் மட்டும், "வரிசைக்குத்தானுங்க வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், யாரிடம் என்று இல்லாமல்.

அந்தப் பெரியவர், அவர்களுடைய மேலதிகாரி, வேறெங்கோ போயிருந்தார். வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. வந்தவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "மலைக்காரங்கய்யா, குடுத்தனுப்புங்க. இதுக்குப் போயி ராத்திரி பூரா உக்கார வெச்சிருக்கீங்களே" என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை. கொடுவாளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பழம் வெடித்து ஈ மொய்த்துக் கிடந்தது. "அடுத்த தடவை சாமானைப் பாத்துக்கிட்டு இரு, பொது இடம்" என்று என் வீட்டுக்காரருக்குப் புத்தி வேறு சொன்னார்கள். பொது இடமாம். எங்கள் ரோட்டோரம்தான் பொது இடம். அந்த ஸ்டேஷனும் பொது இடம் என்றால் எங்கள் மூட்டைக்கு அங்கே இடம் இருந்திருக்க வேண்டும்.

சென்னை போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. சீட் போயிருந்தது. கவுன்டரில் இருந்த அம்மா, "ஒரு நாள் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். மண் சரிந்தது, அவுட்டர், மூட்டை, கொடுவாள் எல்லாவற்றையும் அந்தச் சின்னக் கண்ணாடி ஓட்டை வழியாக எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு வந்தேன். நான் வாயை மூடிக்கொண்டு வந்த ஒரே இடம் அதுதான்.

மகள் இப்போது படிக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு வருஷம் கீழே ஒரு நூல் மில்லில் வேலைக்கு நின்றாள். மறுபடி விண்ணப்பித்தாள், மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டோம். போனது ஒரு வருஷம்தானே என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. போனது அது மட்டும் இல்லை.

இரண்டாம் தடவை புறப்பட்ட அன்றைக்குக் காலையில் எங்கள் பஸ் நிற்கிற இடத்தில் ஏழெட்டு மூட்டைகள் வரிசையில் இருந்தன. ஜனங்கள் மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மகளின் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டில் நின்றார். அந்த ஸ்டேஷனுக்குப் போய்வந்த நாளிலிருந்து அவர் எங்கேயும் மூட்டையைக் கீழே வைப்பதில்லை. மூட்டை வைக்காததால் எங்கள் வழக்கப்படி அவருக்கு வரிசையில் இடமும் இல்லை. சந்தைக்குப் போனால் கடைசி ஆளாக ஏறி, வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போவார். நான் திட்டாத திட்டில்லை. கேட்டால்தானே!

மகள் அவர் கையிலிருந்து பையை வாங்கினாள். "இது நம்ம ஊருங்கப்பா" என்று சொல்லி, கடைசி மூட்டைக்குப் பின்னால் வைத்தாள்.

"சரி சாமி" என்றார். ஆனால் மரத்தடிக்கு வரவில்லை. வெயிலில் அந்தப் பைக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். மரத்தடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் திரும்பினார்கள். அவரோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாக மிளகுக் கொடி ஏற்றியவர் ஒருத்தர் இருக்கிறார், பக்கத்துக் காட்டுக்காரர். அவர்தான் எழுந்து வந்து கேட்டார்.

"ஏனுங்க, நாங்க எடுத்துக்குவோம்னா நெனச்சீங்க?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கையை எடுக்கவில்லை.