பாசி பிடித்த தொட்டியும் பேச்சித்தாயின் கண்ணும்

பேச்சித்தாயைப் பொறாமைக்காரி என்று சொன்னால் அவளே மறுக்க மாட்டாள். கொழுந்தன் பருத்தி வியாபாரத்தில் நாலு காசு பார்த்து, பக்கத்து வீட்டை மாடியாக எடுத்துக் கட்டியதைப் பொறுத்துக்கொண்டாள். அவன் பெண்டாட்டி வள்ளித்தாயின் புதுச் சங்கிலியையும் பொறுத்துக்கொண்டாள். பின்கட்டில் நீச்சலடிக்கத் தொட்டி கட்டினார்களே, அதுதான் பொறுக்கவில்லை. ஐம்பத்திரண்டாம் வருஷம் சங்கரன்கோவிலில் குடிதண்ணீருக்கே அடிதடி. இவள் இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடம் சுமந்தாள். அங்கே மோட்டார் இறைத்த தண்ணீரில் வள்ளித்தாயின் பிள்ளைகள் கும்மாளம் போட்டன. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கோடை முடிவதற்குள் தண்ணீர் பச்சையாகிவிட்டது. சுவரெல்லாம் வழுவழுவென்று பாசி. காரணம் பேச்சித்தாய்க்குத் தெரியும். தினம் மாட்டுத்தொட்டி தேய்க்கிறவளுக்குத் தெரியாதா? சனிக்கிழமை வந்தால் வீட்டோடு எண்ணெய் தேய்த்து, சீயக்காயும் கையுமாகத் தொட்டியில் இறங்கினார்கள். மேலே வேப்பமரம் இலையாகக் கொட்டியது. தண்ணீரை மாற்றுவாருமில்லை, சுவரைத் தேய்ப்பாருமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதற்குச் சொல்ல வேண்டும்? ஏதாவது சாக்கு வைத்துப் போய், பச்சையைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வந்தாள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். வள்ளித்தாய்க்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஒருநாள் பேச்சித்தாய் வாசல் இறங்கித் திரும்பினால், அவள் நின்ற இடத்து மண்ணை வள்ளித்தாய் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தாள். உப்பு மிளகாயோடு சேர்த்துச் சுற்றி, நெருப்பில் போடத்தான். வேறொருத்தியாக இருந்தால் தெருவைக் கூட்டியிருப்பாள். இவளுக்கோ, தன் கண்ணுக்கு இத்தனை பலமா என்று கர்வம்.

"நல்லா அள்ளிக்கிடுட்டி. பத்தலைன்னா நாளைக்கும் வாரேன்" என்றாள்.

மறுநாளே கொழுந்தன் சுகாதார இன்ஸ்பெக்டரை அழைத்துவந்தான். அவர் சுவரைத் தேய்க்கச் சொன்னார். பாசியைக் கொல்லும் மயில்துத்தத்தை அளந்து சாக்குத்துணியில் கட்டித் தண்ணீருக்குள் இழுக்க வைத்தார். வெயில் தாழ்ந்தபின் பிளீச்சிங் பவுடர் போடுங்கள், எண்ணெயோடு யாரும் இறங்கக்கூடாது, வேப்பங்கிளையை வெட்டுங்கள் என்றார். சில நாளில் தொட்டியின் அடி தெரிந்தது.

ஊர் மயில்துத்தத்தைப் பேசவில்லை. பேச்சித்தாயின் மண்ணை நெருப்பில் போட்டதும் பாசி போயிற்று என்றுதான் பேசியது. அவள் தெருவில் வந்தால் கறவை மாட்டை உள்ளே ஓட்டினார்கள். அதுவும் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வள்ளித்தாய் தன்னைக் கண்டு பயப்படுகிறாளே, அது போதாதா?

தை மாதம் ராயகிரியில் மகள் செண்பகவல்லிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பேச்சித்தாய் பஸ் பிடித்து ஓடினாள். வாங்குவதற்குக் கை நீட்டியபோது, செண்பகவல்லி பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

"தூங்குதான், அம்மா."

துணிக்குள் பிள்ளை காலை உதைத்துச் சிணுங்கிக்கொண்டிருந்தான். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று பேச்சித்தாய்க்குத் தெரியவில்லை.

"மூடாதட்டி. எனக்குப் பொறாமை எல்லாம் அந்தத் தண்ணி மேலதான்."

செண்பகவல்லி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.