இடது பின்சக்கரம்

என் டைரிகளில் எல்லாப் பக்கங்களும் ஒரே ஒழுங்கில் இருக்கும். மேலே கிழமை. அடுத்து அன்று பட்டறையில் நின்ற வண்டிகள். அதன்கீழ் அளவுகள், அங்குலத்தில். கடைசி வரியில் மழை உண்டா இல்லையா. ஒரு பக்கம் மட்டும் இப்படி இல்லை. அதில் 'இடது பின்சக்கரம், நாலு விரல்' என்று மட்டும் இருக்கிறது. டேப் வைத்து அளக்க முடியாத ஒன்றை நான் பார்த்த நாள் அது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மேஸ்திரியாக இருந்தேன். சிமெண்ட் தரையில் சாக்பீஸால் முழு அளவில் படம் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதன்மேல் இரும்பை வைத்து மற்றவர்கள் வெட்டுவார்கள். எங்கள் தொழிலில் கனம்தான் நேர்த்தி. புது பாடி எடுக்க வரும் விவசாயி பக்கப் பலகையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார். அது அதிராமல் நின்றால் போதும், படம் எதையும் கேட்க மாட்டார். பதினான்கு வருடம் அதிராத பாடிகளையே கட்டியதில், அதிர்கிற எதுவும் ஏமாற்று வேலை என்று நானும் நம்பிவிட்டேன்.

பட்டறைக்குப் பக்கத்தில் சீட் தைக்கும் கடை. சேலத்திலிருந்து வந்த ஒருவர் நடத்தினார். அவர் இறந்தபின் அவர் மனைவி எடுத்து நடத்தினார். என் வயதுதான் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் சேலம் பஸ் ஏறி, ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு, திங்கள் முதல் பஸ்ஸில் திரும்புவார். அளவெடுக்க அவரிடம் டேப் கிடையாது. முடிச்சுகள் போட்ட ஒரு கித்தான் கயிறுதான். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் டிரைவர்களுக்குச் சந்தேகம் வந்தால் முன்பு என் மேசைக்கு வந்தவர்கள், இப்போது அந்தக் கயிற்றைத் தேடிப் போனார்கள். ஒரு மாதம் எண்ணிப் பார்த்தேன். முதலாளி என் மேசைக்கு வந்தது நான்கு முறை. அந்த அம்மாவின் கடை வாசலில் நின்றது ஒன்பது முறை. இதையும் எழுதி வைத்தேன், மழைக்கு மேல் வரியில்.

அந்த நாட்களில் ஊரில் ஆட்டோக்கள் பெருகியிருந்தன. குளக்கரைத் திருப்பத்தில் ஓர் ஆட்டோ இடது பக்கம் ஒடித்துத் திரும்பியபோது, உள்ளே இருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை வலது பக்கத் திறப்பு வழியாக வழுக்கி ரோட்டில் விழுந்தது. முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஊரே பேசியது. மறுநாள் ஸ்டாண்டின் மூத்த டிரைவர் என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, கான்வென்ட்டு சிஸ்டரு இனி ஆட்டோவே ஆகாதுன்னுட்டாங்க. புள்ளைங்க கீழ உழாத மாதிரி ஏதாச்சும் பண்ணி, அவங்க கண்ணுல காட்டோணுமாம். நீங்கதான் பாத்து ஒரு வழி பண்ணோணும்."

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. அடுத்த வாக்கியத்தில் அது காய்ந்தது.

"சீட்டுக்கு அக்காகிட்டயும் ஒரு வார்த்த கேட்டனுங்க. இன்னொரு வண்டியக் குடு, முழுசா நானே பண்ணித் தாரேன்னுது."

முதலாளிக்கு இது வேடிக்கையாகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார். "ரெண்டு பேரும் பண்ணுங்கப்பா. சிஸ்டரு எதச் செரீங்கறாங்களோ, அந்தக் கைக்கு ஆட்டோ வேலைக்குன்னு தனி ஷெட்டு போட்டுத் தாரேன். பொறகு ஸ்டாண்டு வண்டி பூரா அதே மாதிரிதான்."

அன்று மாலையே நான் அந்த ஷெட்டுக்குப் படம் போட்டேன். மேசை கிழக்குப் பார்த்து. ஜன்னல் நான்கடிக்கு மூன்றடி.

ஆட்டோவுக்கு நான் லாரிக்குச் செய்வதையே செய்தேன். ஒன்றரை அங்குல ஆங்கிள் இரும்பில் கூடு, வலது பக்கம் கம்பிக் கிராதி, மேலே தகட்டுக் கூரை, கூரைமேல் புத்தகப் பைகளுக்கு ஒரு கேரியர். வெல்டிங் முடிந்ததும் மூத்த டிரைவர் சுற்றி வந்து கிராதியைத் தட்டினார். அதிரவில்லை. "குட்டி லாரியாட்டம் இருக்குதுங்க!" என்றார்.

அந்த அம்மா என் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். கேரியரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இம்புட்டு இரும்பையும் அதோட தலையில வெச்சுட்டீங்களே மேஸ்திரி" என்றார்.

"உங்க துணியக் காத்து தூக்கிட்டுப் போயிராமப் பாத்துக்குங்க" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

அவர் வண்டியில் என்ன செய்கிறார் என்று, டீ குடிக்கப் போகும் சாக்கில் தினமும் இரண்டு முறை பார்த்தேன். பின்சீட்டைக் கழற்றிக் கீழே இறக்கியிருந்தார். பிள்ளைகள் உட்கார்ந்தால் பின்னோக்கிச் சரிகிற மாதிரி முன்விளிம்பை உயர்த்தியிருந்தார். பைகளுக்குச் சீட்டுக்கு அடியில் இடம். டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குக் கம்பிக்குத் தேங்காய் நார் சுற்றி ரெக்ஸின் தைத்திருந்தார். பிரேக் போட்டால் பிள்ளைகளின் பல் படுவது அந்தக் கம்பியில்தான். நான் கூடு முழுவதையும் அளந்தேன். அந்தக் கம்பி என் கண்ணில் படவே இல்லை. வலது திறப்பில் கேன்வாஸ் மறைப்பு, அதன் குறுக்கே கொக்கி போட்ட ஒரு வார்.

வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். மனைவி ரசம் ஊற்றியபடி, "அந்தம்மா பேச்சு இன்னைக்கு அஞ்சாவது தடவைங்க" என்றாள். என்னோடு வாழ்ந்து அவளுக்கும் எண்ணும் பழக்கம் வந்துவிட்டது.

சிஸ்டர் பார்க்க வருவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, என் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். சீட்டில் ஆறு அரை மூட்டை கோழித் தீவனம். கேரியரில் பட்டறையில் கிடந்த பழைய கணக்குப் புத்தகங்களை நிரப்பிய பைகள். மூத்த டிரைவர் ஓட்ட, நான் சைக்கிளில் பின்னால் போனேன். குளக்கரையில் அவர் வழக்கமான வேகத்தில் இடது பக்கம் ஒடித்தார். கூரை வலது பக்கம் சாய்ந்தது. இடது பின்சக்கரம் தரையை விட்டது. சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே குளத்துத் தண்ணீர் பளபளத்ததைப் பார்த்தேன். நாலு விரல். உடனே தரைக்கு வந்துவிட்டது.

"லேசா ஒரு உலுக்கு இருந்துதுங்களே?" என்றார் டிரைவர், வண்டியை நிறுத்தி.

"ரோடு பள்ளம்" என்றேன்.

அங்கே பள்ளம் கிடையாது. அந்த ரோட்டில் இருபது வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன்.

சனிக்கிழமை மதியம் சிஸ்டர் வந்தார். இரண்டு வண்டிகளும் பட்டறை வாசலில் நின்றன. முதலில் கேன்வாஸ் மறைப்பைப் பிடித்து இழுத்தார். அது வளைந்து கொடுத்தது. பிறகு என் கிராதியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. இன்னொரு முறை உலுக்கினார்.

"இதுதான்" என்றார். "இதுல ஒரு பிள்ளையும் விழாது. திங்கள்கிழமையிலிருந்து வரட்டும்."

முதலாளி என் தோளில் தட்டினார். டிரைவர்கள் கைதட்டினார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அது வாட வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் கொக்கியை மாட்டிவிட்டு, பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஓட்டிப் பாத்தீங்களாமே. குளக்கரையில சக்கரம் தூக்குச்சா?"

"இல்ல."

"சரி. எனக்கு அது ஒண்ணுதான் பயம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

ஞாயிறு காலை டைரியைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் அந்த ஒரு வரி. அதை அடித்துவிட்டுப் 'பள்ளம்' என்று எழுத முடியுமா என்று பேனாவை வைத்துப் பார்த்தேன். என் டைரியில் நான் அதுவரை அடித்தல் திருத்தல் செய்ததில்லை. ஷெட்டுக்குப் போட்ட படத்தை எடுத்தேன். ஜன்னல் அழகாகத்தான் இருந்தது. அந்த அம்மாவுக்கு அந்த ஜன்னல் கிடைத்துவிடும் என்ற நினைப்பே எனக்குப் பொறுக்கவில்லை. பதினோரு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். திங்கள்கிழமை அந்தச் சீட்டில் தீவன மூட்டை இருக்காது என்பது மட்டும் நகராமல் நின்றது. கேரியரை அறுத்து இறக்க ரம்பத்தையும் ஸ்பேனர்களையும் எடுத்துக்கொண்டு மூத்த டிரைவர் வீட்டுக்குப் போனேன்.

வண்டிக்கு அன்று காலைதான் பூஜை போட்டிருந்தார். கேரியரில் சந்தனமும் குங்குமமும் காயவில்லை. முன்னால் எலுமிச்சை மாலை. ரம்பத்தைப் பார்த்ததும் அவர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"என்னங்க மேஸ்திரி இது? பூஜை போட்ட வண்டில ரம்பம் வெப்பாங்களா? உங்க பாடிக்கும் இப்பிடித்தான் பண்ணுவீங்களா?"

எங்கள் பட்டறையிலும் அதே வழக்கம்தான். பூசணிக்காய் உடைத்த பாடியில் வெட்டும் வேலை செய்ய நானே விட்டதில்லை.

"வெள்ளிக்கெழம சக்கரம் தூக்குச்சுங்க. நான் பாத்தேன்."

அவர் கேரியரை அண்ணாந்து பார்த்தார். "பள்ளம்னீங்களே?"

"பொய்ங்க."

"என்ற புள்ளையும் இந்த வண்டிலதானுங்க போவுது." அவர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "நாளைக்கு வண்டி எடுக்கல. சிஸ்டருகிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா அக்காகிட்ட நீங்களே போயிச் சொல்லோணும். அதுக்கு நான் வர மாட்டேன்."

திங்கள் காலை முதல் பஸ் வரும் நேரத்துக்கு அந்தக் கடை வாசலில் நின்றேன். அவர் பையோடு வந்து, என்னைப் பார்த்து, பூட்டைத் திறக்காமல் நின்றார்.

"தூக்குச்சு" என்றேன். "நாலு விரல்."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"நான் ஏதாச்சும் கேட்டா ஒடனே அங்குலத்துல பதில் சொல்றவரு நீங்க. அன்னைக்கு வெறும் இல்லன்னீங்க." பூட்டைத் திறந்தார். "நேத்து கோயில்ல அந்தப் பிள்ளைகளுக்காக வேண்டிக்கிட்டேன். ராத்திரி தூங்கல. இன்னிக்கு நேரா சிஸ்டர்கிட்ட போறதாத்தான் வந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அன்று சிஸ்டரிடமும் முதலாளியிடமும் நான் தனித்தனியாகச் சொன்னேன். முதலாளி, "கனத்துலயே பொழச்சவங்கப்பா நாம" என்று மட்டும் சொல்லிவிட்டுத் வந்து இறங்கிய பலகை லோடைப் பார்க்கப் போனார். அந்த வாரமே சிஸ்டரை வைத்து இரண்டு வண்டிகளையும் மூட்டையோடு குளக்கரையில் ஓட்டிக் காட்டினோம். என் சக்கரம் தூக்கியது. அந்த அம்மாவின் வண்டி தரையோடு போயிற்று.

ஷெட் வந்தது. ஜன்னலோடு. மேசைக்குப் பதில் அங்கே தையல் மிஷின் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தது. ஸ்டாண்டு வண்டிகளுக்கெல்லாம் வாரும் சீட்டும் அவர் வேலை. கொக்கி மாட்டும் கம்பியும், வலது திறப்பில் பிள்ளைகளின் தோளளவுக்கு ஒரு மெல்லிய குழாய்த் தடுப்பும் என் வேலை. அந்தத் தடுப்பு மட்டும் என் யோசனை. அதை ஒத்துக்கொண்டு, "இது நல்லா இருக்கு மேஸ்திரி" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்படிச் சொல்கிற பெருந்தன்மை எனக்கு வந்ததில்லை என்பதால் அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து, முடிச்சு முடிச்சாக டேப் வைத்து அளந்தேன். ஒரு தப்பாவது கிடைக்கும் என்று நினைத்தேன். ஏழு முடிச்சுகள். ஏழு அளவுகளும் டைரியில் இருக்கின்றன. அவர் தைத்த சீட்டோடு ஒத்துப் பார்த்தேன், எங்கும் தப்பில்லை.

ஊரில் அதற்கு 'அக்கா மாடல்' என்று பெயர் வந்தது. நாமகிரிப்பேட்டை, ஆட்டையாம்பட்டி என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டிகள் வந்தன. கம்பி யார் போட்டது என்று யாரும் கேட்டதில்லை.

போன மாதம் சேலத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆட்டோவில் ஏறினேன். வலது பக்கம் வார் கட்டியிருந்தது. யார் தைத்தது என்று டிரைவரிடம் கேட்டேன்.

"நாமக்கல்லுல அக்கா கடையில" என்றார். "நீங்க தெம்பா உக்காருங்க."

வளைவில் வண்டி சாய்ந்தபோது வாரைப் பிடித்துக்கொண்டேன். விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அன்றைய பக்கத்தை எழுதினேன். நல்ல வேலை என்று எழுதவில்லை. 'இரட்டைத் தையல்' என்று எழுதினேன். மழை இல்லை.