என் பாயில் படுத்தவள்

சாமி இறங்குகிறது, பேய் பிடிக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் வேலையைப் பார்க்க எழுந்து போகிறவள் நான். கோயில் கூழுக்குக்கூடப் பசித்தால்தான் போவேன். அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

எழுபதுகளில் நடந்தது. திருக்கனூரிலிருந்து அபிஷேகப்பாக்கத்துக்கு வாழ வந்து சில வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டுகிறவர். மாட்டிடம் பேசுகிற அளவுக்குக்கூட என்னிடம் பேசமாட்டார். ஏய், சோறு போடு. ஏய், கதவைத் திற. கல்யாணமானதிலிருந்து என் பெயரே ஏய்தான்.

பங்குனி வெயிலில் எனக்கு அம்மை போட்டது. எங்கள் பக்கம் அம்மை போட்டவளை நோயாளி என்று பார்க்கமாட்டார்கள், மாரியாத்தாளே வந்து படுத்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதை நிறுத்தி, படுத்திருப்பவளைத் தாயே என்று கூப்பிட்டு, வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும். எனக்கு ஜுரம் ஏறிக்கொண்டே போனது. கூரை இறங்கி வந்து மூக்கைத் தொட்டுவிட்டு மேலே போனது, நாக்கு வைக்கோல் பிரி மாதிரித் தடித்து வாய்க்குள் அடங்கவில்லை, கையைத் தேடினால் அது வெகுதூரத்தில் யாருடையதோ போலக் கிடந்தது. அப்புறம் எப்படி என்று தெரியவில்லை, நான் அடுப்பங்கரை ஓரம் நின்றுகொண்டிருந்தேன், என் பாயில் வேறொருத்தி படுத்திருந்தாள்.

பட்டப்பகல். அவள் உடம்பில் என் புடவை, என் வளையல். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

"எரியுதா தாயே? எளநி தரட்டுங்களா?"

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது, அது ஜுரம் இல்லை. "யாருடி நீ? எந்திரிடி என் பாயை வுட்டு" என்று கத்தினேன். அவர் திரும்பவே இல்லை. அவள்தான் திரும்பினாள். என் முகம்தான், ஆனால் ஒரு அம்மை முத்துகூட இல்லாமல் வழவழவென்று இருந்தது.

"நீ அங்கயே குந்து. எனக்கு இங்க நல்லா இருக்குது" என்றாள்.

ஜுரம் விட்டபோது பாயில் நான்தான் கிடந்தேன். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கடைசித் தண்ணீர் ஊற்றும்போது வீட்டு ஆம்பளை ஆத்தாளை வழியனுப்ப வேண்டும், அது முறை. என் நாத்தனார் சொம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்லுடா, சந்தோஷமா போயிட்டு வாங்க தாயேன்னு சொல்லு" என்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

"இன்னாடா, பொண்டாட்டி வேணாமா உனக்கு?"

அவர் மஞ்சள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் நாத்தனாரே சொல்லி ஊற்றிவிட்டாள். ஜுரத்தில் கண்டதைக் கனவென்று தள்ளிவிடலாம், அவர் நின்ற நிலையை எப்படித் தள்ளுவது? அவளைப் போகச் சொல்ல அவருக்கு மனசில்லை. மறுநாள் காலையில் நான் பழையபடி ஏய் ஆகிவிட்டேன்.

அடுத்த வருஷம், நோய் நொடி இல்லாமல் நான் கல்லு மாதிரி இருக்கிற காலத்தில், ஒரு மத்தியானம் கழனியிலிருந்து திரும்பினேன். அவர் வெறும் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, ஈ ஓட்டுறியா?" என்றேன்.

"மெதுவா பேசுடி" என்றார். "இப்பதான் கண்ணசந்தாங்க."

கையிலிருந்த புல்கட்டைப் போட்டுவிட்டுப் போய்ப் பாயைத் தொட்டேன். நம்பினால் நம்புங்கள், கொதித்தது. வெயிலே படாத மூலை அது. சாயங்காலம் கேட்டால், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மாட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். பாயைக் கொளுத்திவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

இன்றைக்கும் எனக்கு இடுப்பு வலி, கால் வலி என்றால் மனுஷன் திரும்பிப் பார்க்கமாட்டார். ஜுரம் என்று படுத்தால் மட்டும் ஓடி வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தை உற்று உற்றுப் பார்க்கிறார். நான்தான் என்று தெரிந்ததும் எழுந்து போய்விடுகிறார்.