முருங்கை இலைக்குள் இருந்த மஞ்சள்

போன வாரம் காரியாபட்டி ஆஸ்பத்திரி வாசலில், ஒரு பாட்டிலை அமுக்கி என் உள்ளங்கையில் தண்ணி மாதிரி எதையோ விட்டார்கள். ஜில்லென்றது. தேய்ப்பதற்குள் காய்ந்தும் போனது. அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெண் "நகருங்கம்மா" என்ற பிறகுதான் நினைவு திரும்பியது. இதில் ஒரு கால் கிளாஸுக்காக நான் ஊர் ஊராக அலைந்திருக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள்.

என் மகள் கலைச்செல்வி அப்போது பத்தாவது. பள்ளிக்கூடக் கண்காட்சியில், இலையின் பச்சைக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு நிறத்தைப் பிரித்துக் காட்டப் போகிறேன் என்றாள். இலையைத் தாளின் மேல் வைத்துக் காசு விளிம்பால் தேய்த்து, தாளின் நுனியை ஸ்பிரிட்டில் நனைத்தால் நிறம் தனியாக மேலே ஏறுமாம். பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிட் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் மளிகைக்கடைக்காரர். எதையும் தராசுத் தட்டில் வைத்துப் பார்த்தால்தான் நம்புவார். "செஞ்சு காட்டட்டும், அருப்புக்கோட்டையில சயின்ஸு படிக்க வைக்கிறேன். இல்லேன்னா தையல் கிளாஸுதான்" என்றுவிட்டார்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். வெளிக்கடையில் வாய் திறக்காமல் விரலை நீட்டித்தான் சாமான் வாங்குவேன். ஸ்பிரிட்டை எங்கே நீட்டிக் காட்ட? நரிக்குடி மருந்துக்கடையில் மெதுவாகக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுல அவுக குடிக்கிறாகளா தாயி?"

முருங்கை இலைக்கு என்றேன். அது அவருக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டது. அதை வாங்கிக் குடிக்கிறவர்கள் இருந்ததால் டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்களாம். கிடைத்ததெல்லாம் நிறம் போட்டது. ரேஷன் மண்ணெண்ணெய் நீலம். பெயிண்டுக் கடை ஸ்பிரிட் ஊதா. பேன்ஸி ஸ்டோரில் நகப்பூச்சு அழிக்க விற்றது ரோஸ். அந்த ரோஸில் தாளை வைத்தோம். தாள் முழுக்க ரோஸானது. "கலரே இல்லாதது வேணும்மா" என்று பிள்ளை அழுதாள்.

நாலாம் நாள், மருந்துக்கடைப் பேச்சு காதுக்கு எட்டி, என் அண்ணன் காரியாபட்டியிலிருந்து வந்திறங்கினார். காப்பியைக் கையில் வாங்காமலே எங்கள் வீட்டுக்காரரிடம், "மாப்ள, எத்தனை நாளா இந்தப் பழக்கம்?" என்றார். வெற்றிலைகூடப் போடாத மனிதர் எங்கள் வீட்டுக்காரர். நான் அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பா பயமா, இன்றுவரை தெரியவில்லை. விஷயம் வெளியானதும் பெரிய ஏச்சுக்குத் தயாரானேன். எங்கள் வீட்டுக்காரர் சொன்னது வேறு. "இனி கடை கடையாப் போயி என் பேரக் கெடுக்காத. நானே வாரேன்."

கைக்கடிகாரத்துக்கு எண்ணெய் போடும்போது வாட்ச் ரிப்பேர் பாய் சக்கரங்களை எதிலோ முக்கி எடுப்பார், அதற்கு நிறமே கிடையாது என்று கலைச்செல்விக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாய் கடை இருந்த வீரசோழனுக்கு மூவரும் போனோம். மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளைப் பெட்ரோல், ஊற்றுத் தண்ணி மாதிரி தெளிந்து இருந்தது. பாய் தர மறுத்துவிட்டார்.

"இது பஸ்ஸுல ஏறக் கூடாதும்மா. தீ. இலைய இங்க கொண்டாங்க."

மறுநாள் முருங்கை இலையை முந்தானையில் முடிந்துகொள்ள, மூவரும் திரும்பப் போனோம். பாய் மின்விசிறியை நிறுத்தினார். பிள்ளை இலையைத் தேய்த்து, தாளை, அடியில் அந்தப் பெட்ரோலை ஊற்றிய ஒரு பாட்டிலுக்குள் தொங்கவிட்டாள். பச்சைக்கோடு அப்படியே இருந்தது. அதிலிருந்து மஞ்சள் மட்டும் தனியாகப் பிரிந்து, யாரும் தொடாமல், மெல்ல மேலே ஏறியது. தினம் நான் உருவி வதக்குகிற கீரைக்குள்ளேயா இது இருந்தது? பாய் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"அழுக்கெடுக்க மட்டுந்தான இத வச்சிருந்தேன் இத்தன வருசமா" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் குனிந்து அந்த மஞ்சளை உற்றுப் பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடி, "அருப்புக்கோட்டைக்குக் காலையில மொதப் பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டு வையி" என்றார். கலைச்செல்வி என் கையை இறுக்கிப் பிடித்தது இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது.

அவள் இப்போது பெரிய கம்பெனி ஒன்றில், கண்ணாடிக் குழாய்களோடு வேலை பார்க்கிறாள். பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. எங்கள் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தாளை மட்டும் பட்டுச்சேலை மடிப்பில் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எடுத்துப் பார்த்தேன். பச்சை காய்ந்த சாண நிறமாகியிருந்தது. மஞ்சளைக் காணோம். போனில் சொன்னேன். "மஞ்சதாம்மா மொதல்ல போகும்" என்றாள்.

அந்தக் கோட்டுக்கு மேலே வெறும் வெள்ளைத் தாள்தான். ஆனாலும் மஞ்சள் எதுவரை ஏறி நின்றது என்று கேளுங்கள், விரல் வைத்துக் காட்டுகிறேன்.