ஏழு அட்டையில் ஒரு முகம்

ராசம்மாளுக்கு 'ஏழு ஓட்டு' என்று பட்டப்பெயர் வைத்தவர் தியாகராசன். அதற்கு முன் ஐம்பத்தைந்து வருடமாக அவளுக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. வலங்கைமான் பக்கத்துக் கிராமம் அது. நடவு ஆட்களுக்குக் கூலி பேசுவதும், பேசிய கூலியைக் கொடுக்காதவரைக் கடைத்தெருவில் நிறுத்தி மானத்தை வாங்குவதும் அங்கே அவள் பொறுப்பு. இப்போது அவளே மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் பார்க்கிறாள். வாய் மட்டும் இன்னும் கொஞ்சமும் குறையவில்லை.

பட்டப்பெயருக்கான விதை முப்பது வருடத்துக்கு முன் விழுந்தது. முதன்முதலாக வாக்காளர் அட்டைக்குப் படம் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தார்களோ என்னவோ, சரியாகச் சம்பா நடவு மும்முரத்தில் வந்து இறங்கினார்கள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் தியாகராசன் வயலில், முழங்கால் சேற்றில் நின்றார்கள். ஓடிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம் என்று கேட்டார்கள்.

"கரையேறுறவ அப்படியே வீட்டுக்குப் போயிடலாம். கூலி கெடையாது" என்றார் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்ற தியாகராசன். அன்றைக்கு ஜனநாயகம் ஒரு நாள் கூலியோடு மோதித் தோற்றது.

தெருவில் இருந்தவள் ராசம்மாள் ஒருத்திதான். பிள்ளை பெற்று இருபது நாள். படம் பிடிக்க வந்தவருக்கோ பொழுது சாய்வதற்குள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பேரைக் கூப்பிட்டால் யாராவது வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். "அம்சம்" என்று கூப்பிட்டார். அம்சம் ராசம்மாளின் கொழுந்தன் பெண்டாட்டி. அட்டை இல்லாவிட்டால் ஓட்டே இல்லை என்று வேறு பயமுறுத்தி வைத்திருந்தார்கள். கைப்பிள்ளையோடு ராசம்மாளே போய் உட்கார்ந்தாள். அடுத்து கலைமகள் பேர் வந்தது. அதற்கும் உட்கார்ந்தாள். மூன்றாவது பேருக்குப் படம் பிடிப்பவரே, "பொட்ட எடுத்துட்டு உக்காரும்மா" என்று யோசனை சொன்னார். மூக்குத்தியைக் கழற்றினாள், மாராப்பை மாற்றினாள், கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். தன் பேரையும் சேர்த்து ஏழு தடவை உட்கார்ந்து எழுந்தாள். மூன்று படங்களில் பிள்ளையின் கை அவள் கன்னத்தைப் பிறாண்டிக்கொண்டிருக்கும்.

அட்டைகள் வந்தபோது ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்றவர்கள் அட்டையில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஊரில் பாதிப் பேரின் முகம் கரிச்சட்டி பிடித்த துணி மாதிரிதான் இருந்தது. நடுவில் இரண்டு தடவை படம் மாற்ற வந்தார்கள். ஒரு தடவை களையெடுப்பு, ஒரு தடவை அறுவடை. அதனால் குடியொன்றும் முழுகிவிடவில்லை. வாக்குச்சாவடியில் உட்காரும் ஏஜெண்டுகளுக்கு, வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த ஏழு பேரையும் தெரியும். தேர்தலுக்குத் தேர்தல் ஆளுக்கு ஒரு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள்.

பிறகு கள்ள ஓட்டை ஒழித்தே தீருவது என்று எல்லாரும் கிளம்பிய காலம் வந்தது. பட்டியலைத் தீவிரமாகத் திருத்தப் போவதாக அறிவித்தார்கள். கட்சி ஏஜெண்டாகிவிட்ட தியாகராசன், படம் போட்ட பட்டியலை வாங்கிக்கொண்டு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். அவருக்குச் சென்னையில் மகள் வீட்டு விலாசத்தில் ஒரு ஓட்டு, இங்கே ஒரு ஓட்டு. கேட்டால், "ரெண்டு ஊர்லயும் வரி கட்டுறேன்ல?" என்பார். இரண்டிலும் அவர் முகம் அவர் முகமாகவே லட்சணமாக இருந்ததால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. ராசம்மாள் முகம் உறுத்திவிட்டது. ஏழு படத்துக்கும் வட்டம் போட்டு, 'ஏழு ஓட்டு ராசம்மாள்' என்று எழுதி வாட்ஸப்பில் அனுப்பினார். ஏழு பேரையும் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி மனுவும் கொடுத்தார். அன்றைக்கு அந்தப் பெண்கள் நின்றது யார் வயலில் என்பது மட்டும் பாவம், அவருக்கு மறந்துபோயிருந்தது.

விசாரணைக்கு ஏழு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். அதிகாரி ஒரு படத்தைக் காட்டி, "இது யாரும்மா?" என்றார்.

"நான்தான் சார்" என்றாள் ராசம்மாள்.

"இது?"

"அதுவும் நான்தான். மூக்குத்திய கழட்டியிருக்கேன்."

"அப்போ ஏழு ஓட்டும் நீங்களே போட்டீங்களா?"

"ஏழு ஓட்டு என் கையில இருந்திருந்தா எங்க தெருவுக்கு எப்பவோ ரோடு வந்திருக்கும் சார்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. இரக்கமுள்ள மனிதர்தான். இரக்கப்பட்டு ஒரு வழியும் சொன்னார். 'எங்களுக்குத் தெரியாமல் எங்கள் பேரில் இவர் படம் எடுத்துக்கொண்டார்' என்று ஆறு பேரும் எழுதிக் கொடுத்தால், புதுப் படம் எடுத்து ஆறு ஓட்டையும் காப்பாற்றிவிடலாம். ராசம்மாள் பேர் மட்டும் போகும். எழுதித் தராவிட்டால் ஏழும் போகும்.

"எங்களுக்காகத்தான் சார் அக்கா உக்காந்துச்சு. அத எழுதிக்கிங்க" என்றாள் அம்சம்.

"அதை எழுத இந்தப் படிவத்துல இடம் இல்லம்மா."

கலைமகள் அழ ஆரம்பித்தாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஓட்டுக் கேட்டுக் கும்பிட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறவனை நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்கிற தைரியம் தனக்கு இந்த ஒரு ஓட்டினால்தான் வந்தது என்று நம்பியவள் ராசம்மாள். காய்ச்சலில் கிடந்த வருடம்கூட விடாமல் போய்ப் போட்டவள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமே இல்லை. ஆனால் ஆறு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"என்னடி முழிக்கிறீங்க? போடுங்கடி கையெழுத்த" என்று அதட்டினாள்.

ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள். மனுக் கொடுத்தவர் என்று அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தியாகராசன், கள்ள ஓட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக அங்கேயே நாலு பேருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

ஏழு பேரும் பஸ்ஸில் திரும்பினார்கள். பாதி வழியில் அம்சம் மெதுவாக ராசம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எலெக்சன் அன்னைக்கு என் ஓட்ட நீ போயி போட்டுட்டு வாக்கா."

"ஏழு அட்டையிலயும் என் மூஞ்சி இருந்தப்பவே நான் ஒரு ஓட்டுக்கு மேல போட்டதில்லடி. இப்பவா கள்ள ஓட்டுப் போடப் போறேன்?" என்றாள் ராசம்மாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.