பின்னாடி வாங்க

போக்குவரத்துப் போலீஸில் வேலை பார்க்கிறவளுக்குப் பொய் சொல்லும் முகம் எது, மெய் சொல்லும் முகம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது என்றால், கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்குத் தெரியாது. அதை அவள் மறைத்ததும் இல்லை. வீட்டில் மகள், "எல்லாம் படிச்சு முடிச்சிட்டேம்மா" என்று கண் இமைக்காமல் சொன்னால், "சமத்து" என்று தலையைத் தடவிவிட்டுப் போவாள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் கணவர் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பார்: "உன்னை எந்தப் புண்ணியவான்டி போலீஸ்ல சேத்தான்?"

"ஓட்டப் பந்தயத்துல முதலா வந்தேன், சேத்துக்கிட்டாங்க. உங்களுக்கென்ன?"

அவள் நிற்கும் நாற்சந்தியிலோ பொய்க்குப் பஞ்சமே இல்லை. வேகமாகப் போய் மாட்டிக்கொள்கிறவர்களின் அம்மாக்களுக்கெல்லாம் அந்த நேரம் பார்த்து நெஞ்சு வலிக்கும். சிவப்பு விளக்கைத் தாண்டியவர்களின் மனைவிமார் எல்லாருமே நிறைமாதம். ஒருமுறை ஓர் ஆள், தன் மாமனார் இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்று அழுதே விட்டான். அந்த மாமனார் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். "யாரு, நானா?" என்று அவரும் கேட்டுவிட்டார்.

மற்ற போலீஸ்காரர்களுக்கு இதற்கெல்லாம் எழுதாத விதி ஒன்று உண்டு. சீட்டில் நோயாளி இருந்தால் விடு, இல்லாவிட்டால் அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடு. அவளுக்கு அது சரிப்படவில்லை. பெற்றவளை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பின்னால் பதறிக்கொண்டு ஓடுகிறவனின் சீட்டு காலியாகத்தானே இருக்கும்? அதனால் அவள் முகத்தைப் பார்க்கவே தேவையில்லாத வழி ஒன்றைக் கண்டுபிடித்தாள். யார் வந்து எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னாலும் ஒரே பதில்தான்.

"பின்னாடி வாங்க."

சொல்லிவிட்டுப் பெரிய பைக்கை உதைத்துக் கிளப்பி, சைரனைப் போட்டு, அவசர சிகிச்சைப் பிரிவின் வாசல்வரை முன்னால் போய்விடுவாள். மெய் சொன்னவன் போய்ச் சேர வேண்டிய நேரத்துக்குச் சேர்ந்தான். பொய் சொன்னவனை வாசலில் ஊழியர்கள் சக்கர நாற்காலியோடு வரவேற்றார்கள். "பேஷண்ட் யாரு சார்?" டை கட்டிய ஒருவர், திரும்பிப் போக வழியில்லாமல், தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்குத்தான், லேசா படபடன்னு வருது" என்றார். பரிசோதனை எல்லாம் முடித்து அன்றைக்கு அவர் கட்டிய பில்லுக்கு அபராதமே தேவலை.

நாள்போக்கில் பொய் சொல்கிறவர்கள் அந்தச் சந்தியைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். சக போலீஸ்காரர்கள் அவளுக்கு 'ஊர்வலம்' என்று பெயர் வைத்தார்கள். வைத்தது அடுத்த சந்தியில் நிற்கும் தொப்பைக்கார ஏட்டு. அவரை எல்லாரும் மாமா என்பார்கள். அவள் சைரன் கேட்டதுமே வயர்லெஸ்ஸில் அவர் குரல் கரகரக்கும்: "ஊர்வலம் கெளம்பிடுச்சு, ஒதுங்குங்கப்பா!"

இதெல்லாம் புது அதிகாரி வரும்வரைதான்.

அவர் கெட்டவர் இல்லை. வந்த வாரமே, அவள் யாரையோ கூட்டிக்கொண்டு போயிருந்தபோது, ஆளில்லாத அந்தச் சந்தியில் ஒரு காரும் ஒரு டெம்போவும் மோதிக்கொண்டன. கார்க்காரர் எழுதிய புகார் அவர் மேசையில் இருந்தது. அவளைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க ஒருத்தரைக் காப்பாத்தப் போறீங்க. இங்க ஒன்பது பேர் மோதிக்கிட்டா யார் பொறுப்பு? அவசரம்னா ஆம்புலன்ஸ் இருக்கு. இன்னொரு தடவை சந்தியைக் காலியா விட்டுட்டுப் போனா, பைக் சாவியை என்கிட்டக் குடுத்துட்டு வண்டிக் கிடங்குக்குப் போயிடுங்க."

வண்டிக் கிடங்கு என்பது பறிமுதல் செய்த வாகனங்கள் துருப்பிடித்துக் கிடக்கும் பொட்டல். அங்கே வேலை, துருவுக்குக் காவல் இருப்பது. அந்தப் பைக்கை ஓட்டத் தேர்வானவர்களில் பெண் அவள் ஒருத்திதான். உயரம் பத்தாது என்று சிரித்தவர்கள் முன்னால், பூட்ஸுக்குத் தடித்த அடிப்பகுதி வைத்துத் தைத்துக்கொண்டு வந்து ஓட்டிக் காட்டியவள். "சரிங்க ஐயா" என்றாள்.

அன்று வீட்டில் கணவர், "அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கே" என்றார்.

"இருக்குங்க. அதான் பேச முடியல."

அதன்பின் பல நாள் அவள் யாரையும் கூட்டிப் போகவில்லை. சீட்டில் ஆள் இருந்தால் விட்டாள், இல்லாவிட்டால் எழுதினாள். எழுதிய ஒவ்வொரு முறையும், இவன் மெய்யாகச் சொன்னவனோ என்று மனது அரித்தது.

ஒரு நாள் காலையில் சந்தியின் விளக்குகள் செத்துக் கிடந்தன. பாலத்தில் குழாய் பதிக்கத் தோண்டுகிறவர்கள் மண்ணுக்கடியில் ஏதோ வயரை வெட்டிவிட்டார்கள். பாலத்திலும் ஒற்றை வரிசைதான், ஊர்ந்தது. அவள் நடுவில் நின்று கையாலேயே நாலு பக்கத்தையும் நகர்த்திக்கொண்டிருந்தாள். அப்போது ஒருவழிப் பாதையில் எதிராக, முன்விளக்கைப் போட்டபடி, வெள்ளை வேன் ஒன்று பாய்ந்து வந்தது. குறுக்கே போய் நின்றாள். அவள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் அது நின்றது. சலவைக் கம்பெனி வேன். ஓட்டுநர் கதவைத் திறந்து பாதி விழுந்தும் பாதி இறங்கியும் வந்தான்.

"எழுதுங்கம்மா, என்ன வேணாலும் எழுதுங்க, என்னை மட்டும் விடுங்க. எம்பொண்ணு ஸ்கூல்ல மூச்சு விட முடியாமக் கெடக்கா."

"எந்த ஸ்கூல்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம். அவளுக்குக் கடலை ஆகாது. யாரோ பிஸ்கட் குடுத்திருக்காங்க. தொண்டை வீங்குதாம். ஊசி இங்க இருக்கு, என்கிட்ட இருக்கு!" கையில் தடித்த பேனா மாதிரி ஒரு மருந்துக் குழல். "எப்பவும் அவ பையிலதான் இருக்கும். நேத்து நான்தான் பையைத் தோய்ச்சேன். பாக்கெட்டைத் தடவிப் பாக்காம நாங்க எதையும் மெஷின்ல போட மாட்டோம்மா, பழக்கம். எடுத்துக் கம்பெனி அலமாரி மேல வெச்சேன். திருப்பி வெக்கல…"

"ஆம்புலன்ஸ்?"

"கூப்பிட்டாச்சு. ஊருக்கு அந்தக் கோடியிலேர்ந்து வரணுமாம்."

அவள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். மடித்து அடுக்கிய வெள்ளைப் போர்வைகள், சோப்பு வாசனை. சீட்டில் யாரும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். வேர்த்துக் கொட்டியது. பொய் சொல்கிறவனுக்கும்தான் வேர்க்கும். வழக்கம்போல அந்த முகம் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்தது ஒன்றுதான். இந்த வேன் அந்தப் பாலத்தைத் தாண்டப்போவதில்லை, பைக் தாண்டும். போனால் பைக்கே போய்விடும்.

வயர்லெஸ்ஸை எடுத்தாள். "மாமா!"

"சொல்லு, ஊர்வலம்."

"எஞ்சந்திக்கு வந்து நிக்க முடியுமா? உங்க விளக்கு ஒழுங்காத்தானே எரியுது?"

"எரியுது, எரியுது. புது ஐயா சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மாமா."

"ஞாபகம் இருந்துமா கேக்கற?"

"ஒரு சின்னப் பொண்ணுக்கு மூச்சு நிக்குது மாமா."

"இரு. ஓடி வரேன்."

"நீங்க ஓடுவீங்களா?"

"வேகமா நடப்பேன்டி! பேச்சைப் பாரு!"

நடக்கவில்லை, ஓடினார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொப்பை ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக, ஹாரன் அடித்த கார்களைத் திட்டிக்கொண்டே வந்தார். அவர் நடுவில் நின்று விசிலை வாயில் வைத்த பிறகுதான் அவள் சந்தியை விட்டு நகர்ந்தாள்.

"வேனை ஓரங்கட்டுங்க. என் பைக்குல ஏறுங்க."

"சாமான் இருக்கும்மா…"

"உங்க போர்வையை எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான். ஏறுங்கய்யா!"

தலைக்கவசம் இல்லாமல் ஆளை ஏற்றிப் போவதும் குற்றம்தான். பைக் பெட்டியில் இருந்தது அவள் மகளுடைய ரோஸ் நிறக் கவசம் மட்டும், சுற்றிலும் பூனைக்குட்டிப் படங்கள். மறுபேச்சில்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டான். அது அவன் உச்சந்தலையில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி உட்கார்ந்தது.

சைரன் அலறியது. முதுகுக்குப் பின்னால் அவன் மருந்துக் குழலை நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. வயர்லெஸ்ஸில் மாமாவின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாரையும் கூப்பிட்டது: "கேளுங்கப்பா, சின்னப் பொண்ணு ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கறா. இவ மருந்தோட வர்றா. வழி விடுங்க, யாரும் சிரிக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. வழியில் நின்ற போலீஸ்காரர்கள் ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். "பாலத்து முனை. எதிர் வரிசையை நிறுத்திட்டேன், வா அக்கா." குழாய் பதிக்கிறவர்கள் கட்டியிருந்த கயிற்றை இரண்டு பேர் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். அவள் குனிந்து அதனடியில் நுழைந்தாள். தோண்டிய பள்ளத்துக்கும் சிமெண்ட் லாரிக்கும் நடுவே கண்ணாடி உரச ஓட்டினாள். "ஸ்கூல் ரோடு. எல்லாரையும் ஓரங்கட்டியாச்சு. நேரா வா, நேரா வா!" யாரோ ஒரு பேருந்து ஓட்டுநர் ஒன்றும் புரியாமலே கையை ஆட்டி உற்சாகப்படுத்தினார்.

பள்ளி வாசலில் ஓர் ஆசிரியை இரண்டு கையையும் வீசிக்கொண்டு நின்றாள். அந்தக் கைகளைப் பார்த்ததும்தான் அவன் சொன்னது அத்தனையும் மெய் என்று அவளுக்குத் தெரிந்தது.

அலுவலக அறைப் பெஞ்சில் சிறுமி கிடந்தாள். உதடு வீங்கி நீலம் பாரித்திருந்தது. மூச்சு, ஓட்டை விழுந்த ஊதலைப் போலச் சன்னமாகக் கேட்டது. அப்பன் பதறிப் பதறி இழுத்ததில் குழலின் மூடி கழல மாட்டேன் என்றது.

"மூச்சை இழுத்து விடுங்க. என்ன செய்யணும்? எங்கிட்டச் சொல்லுங்க."

"தொடை… தொடையில வெச்சு அழுத்தணும். கால் ஆடக் கூடாது."

"காலை நான் பிடிச்சுக்கறேன். நீங்க மூடியைக் கழட்டி அழுத்துங்க."

பிடித்தாள். அழுத்தினான். உள்ளே சின்னதாக 'டக்' என்றது. பிறகு அறையே அந்தக் குழந்தையின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் யாராலும் சொல்லியிருக்க முடியாது. முதலில் ஓர் இருமல். பிறகு துணி கிழிவதுபோல ஒரு நீள மூச்சு. அப்புறம் இன்னொன்று. நீலம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கண்ணைத் திறந்து அப்பனையே பார்த்தாள்.

"அப்பா, ஏன் பூனைத் தொப்பி போட்டிருக்கே?"

அவன் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். ஆசிரியை சிரித்தாள், அழுதாள். போலீஸ்காரி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு வயர்லெஸ்ஸில் சொன்னாள்: "பேசறா. பொண்ணு பேசறா." எதிர்முனையில் எத்தனை பேர் கத்தினார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. சிறுமியை ஏற்றும்போது அவன் கையை நீட்டினான். "சீட்டு எழுதுங்கம்மா. நியாயமாப் பாத்தா எழுதணும்."

"எச்சரிக்கைன்னு மட்டும் எழுதறேன். சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. அந்த ஒருவழிப் பாதையில ஒரு சைக்கிள்காரன் வந்திருந்தா, இந்நேரம் இன்னொரு அப்பன் இப்படித் தரையில உக்காந்து அழுதுட்டிருப்பான்."

அவன் தலை குனிந்தான். "புரியுதும்மா" என்றான்.

அவள் திரும்பி வந்தபோது சந்தியில் புது அதிகாரியின் ஜீப் நின்றது. மாமா வேர்த்து விறுவிறுத்து இன்னும் நடுவில்தான் இருந்தார். அதிகாரி அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "உங்களை யாரு இங்க நிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல ஐயா. இந்தப் பக்கம் காத்து நல்லா வருது."

அவள் பைக்கை நிறுத்தி, சாவியை உருவி, அவர் கேட்கும் முன்பே நீட்டினாள். அதிகாரி வாங்கிக்கொண்டார்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா ஐயா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"வண்டியில நோயாளி இல்ல. அவன் சொன்னது நிஜம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கல ஐயா. எனக்கு அது வராது. அதனாலதான் கூடவே போறது. நிஜம்னா உயிர் பிழைக்கும். பொய்யின்னா போன எடத்துல அவன் மானம் போகும், வந்து சீட்டும் எழுதலாம். சந்தியை விட்டுப் போனது தப்புதான். அதுக்குச் சாக்குச் சொல்லல."

"சந்தி எங்க ஐயா காலியா இருந்துச்சு?" என்றார் மாமா, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "நான் என்ன கம்பமா?"

அதிகாரி பாலத்தைப் பார்த்தார். நாலு பக்கமும் வண்டிகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. சாவியைக் கையில் இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"வயர்லெஸ்ஸை நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் கடைசியில். "அந்தப் பொண்ணு பேசறான்னு நீங்க சொன்னப்போ ஜீப்பை நிறுத்திட்டேன், ஓட்ட முடியல." சாவியை அவள் கையில் வைத்தார். "இனிமே கெளம்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை. பக்கத்துச் சந்தி ஆள் வந்து நின்னப்புறம் கெளம்பணும். உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாச் சந்திக்கும் இதான் நடைமுறை."

"ஒரு வார்த்தை கேட்டா, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டீங்கன்னா?"

"என்னம்மா நீங்க!" முதல்முறையாக அவர் சிரித்தார். "போங்கன்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

மறுநாள் காலை அணிவகுப்பில் அந்த உத்தரவை அவரே வாசித்தார். வாசித்து முடித்ததும் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அணிவகுப்பில் கைதட்டும் வழக்கமே கிடையாது. ஆனாலும் வரிசை வரிசையாக எல்லாரும் தட்டினார்கள். மாமா விசிலே அடித்துவிட்டார். "அமைதி, அமைதி" என்றார் அதிகாரி, யாருக்கும் கேட்காத குரலில்.

அவள் நிமிர்ந்து நடந்து வெளியே வந்தாள். பைக்கில் ஏறி ஓர் உதை உதைத்தாள். அது முதல் உதையிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது.