கம்பளியில் ஒரு மலை

அன்று காலை பனிமூட்டம் ஜன்னல் வழியாக எங்கள் லயத்து வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து கம்பளியில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலால் கிள்ளி, தோளுக்கு மேலே, முதுகில் இல்லாத கூடைக்குள் எறிந்தாள். தோட்ட வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. பார்க்க அழகாகக்கூட இருந்தது. தண்ணீர் கொடுத்தால் தள்ளிவிட்டாள்.

"இப்ப வேணாம் புள்ள. மலையில ஒதுங்க எடமில்ல."

காத்து பட்டிருக்கிறது என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினோம். மறுநாளும் அம்மா மலையை விட்டு இறங்கவில்லை. படுக்கை நனைந்திருந்தது. வயசானால் அப்படித்தான் என்றார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. ராத்திரியோடு ராத்திரியாகவா வயசாகும்? இரத்தோட்டையில் பஸ் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"ஒண்ணுக்குப் போறப்ப எரியுதான்னு கேட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

யாரும் கேட்கவில்லை. சிறுநீரில் கிருமியாம். வயசானவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் இப்படித் திடீரென்று புத்தி தடுமாறலாமாம். தண்ணீர் குடிக்காததும் ஒரு காரணமாம்.

மருந்தில் மலை மெல்லக் கரைந்து, கம்பளி மறுபடி கம்பளியானது. தண்ணீர்ப் பயம் மட்டும் போகவில்லை. கொழுந்து மலையில் கக்கூஸ் ஏது? காலையில் குடிக்காமல் போய், சாயந்தரம்வரை அடக்கியே பழகிய உடம்பு.

இப்போதெல்லாம் முதலில் கக்கூஸ் கதவைத் திறந்து வைக்கிறேன். அப்புறம்தான் கோப்பையை நீட்டுகிறேன். அம்மா கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடிக்கிறாள்.